இரண்டு பேர் இடுப்பு நோகாமல் வவுனியா போய்வர எந்த பைக்?

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் வீடு, மனைவியின் தாய்வீடு வவுனியா. மாதத்தில் இரண்டு தரம் ஏ9 வீதியால் போய்வருகிறீர்கள். இடையில் யாழ்ப்பாணம், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடு. இப்போது இருக்கிற பைக்கில் புளியங்குளம் வருவதற்குள் மனைவிக்கு இடுப்புப் பிடித்துவிடுகிறது. கூட்டாளிமார் 200 சிசி, 250 சிசி என்று படம் படமாக அனுப்புகிறார்கள். எதை எடுப்பது?

படத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், அவவைப் பின்னால் ஏற்றி, அவ சொல்கிறதை எடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பைக் வாங்க வருகிற நூறு பேரில் தொண்ணூறு பேர் தனியத்தான் வருகிறார்கள். முன் சீற்றில் ஏறி இருந்து, ஒருக்கால் முறுக்கிப் பார்த்து, சத்தம் பிடித்தால் காசைக் கட்டிவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் என்னுடைய கராஜுக்கு வந்து, "அண்ணை, மனுசி ஏறமாட்டன் எண்டுறா, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

ஏன் பின்னால் இருப்பவருக்கு மட்டும் இந்தப் பாடு? ஒரே பைக், ஒரே றோட்டு, ஓடுகிற உங்களுக்கு ஒன்றும் இல்லை. காரணம் இருக்கிற இடம். நீங்கள் இரண்டு சில்லுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். முன் சில்லு பள்ளத்தில் விழுந்தால் அந்த அடியில் பாதிதான் உங்களுக்கு, பின் சில்லு விழுந்தாலும் பாதிதான். அவவோ பின் சில்லின் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறா, அதனால் பின் சில்லு வாங்குகிற அடி முழுவதும் அவவின் முதுகுத்தண்டுக்குப் போகிறது. பஸ்ஸில் கடைசிச் சீற்றில் இருந்து போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அது மட்டுமில்லை. வருகிற பள்ளத்தை நீங்கள் காண்கிறீர்கள், உங்கள் உடம்பு தானாகவே தயாராகிவிடும். அவவுக்கு முன்னால் தெரிவது உங்கள் ஹெல்மெற்றின் பின்பக்கம்.

ஆகவே பின் சீற்றில் பார்க்கவேண்டியதை முதலில் சொல்கிறேன், என்ஜினைப் பிறகு பார்ப்போம்.

பைக்கை நடு ஸ்ராண்டில் விட்டு, ஒரு தண்ணீர்ப் போத்தலைப் பின் சீற்றில் குறுக்காகப் படுக்கவையுங்கள். அசையாமல் கிடந்தால் நல்லது, மெல்ல உருண்டாலும் பரவாயில்லை. முன் சீற்றை நோக்கி விழுந்தடித்துக்கொண்டு ஓடினால் அந்த பைக்கை விட்டுவிடுங்கள். போத்தலுக்கு நடப்பதுதான் ஒவ்வொரு பிறேக்குக்கும் உங்கள் மனைவிக்கும் நடக்கும். அவ முன்னுக்குச் சறுக்கிவந்து உங்கள் முதுகில் முட்டுவா, கையை ஊன்றிப் பின்னுக்குப் போவா, திரும்பவும் சறுக்குவா. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஏறக்குறைய 75 கிலோமீற்றர். அவ்வளவு தூரமும் இந்த வேலைதான் என்றால் எந்த இடுப்புத் தாங்கும்? இப்போது வருகிற "ஸ்போர்ட்ஸ்" மாடல்கள் பலவற்றில் பின் சீற் தனித் துண்டாக, உயரமாக, இரண்டு கை அகலம்கூட இல்லாமல் குந்திக்கொண்டிருக்கும். படத்துக்கு வடிவுதான், ஆனால் சந்தைக்குப் போய்வர மட்டும்.

அடுத்தது ஃபுட்ரெஸ்ற். இதை ஒருவரும் பார்ப்பதில்லை, எனக்கோ சீற்றைவிட இதுதான் முக்கியம். அவ ஏறி இருந்து காலை வைத்ததும் பக்கத்தில் நின்று பாருங்கள். தொடை தரைக்குச் சமமாகவோ முழங்கால் பக்கம் கொஞ்சம் இறங்கியோ இருக்கவேண்டும். முழங்கால் இடுப்பைவிட மேலே நின்றால் உடம்புப் பாரம் முழுவதும் குண்டி எலும்பில் இறங்கிவிடும், காலால் ஒரு பாரத்தையும் தாங்க ஏலாது. சரியான உயரத்தில் இருந்தால் பள்ளம் வரும்போது காலை ஊன்றி ஒரு அங்குலம் எழும்பலாம், அந்த ஒரு அங்குலம், அதிர்வைத் தாங்குகிற எந்த ஷொக்கும் செய்யாத வேலையைச் செய்யும். சீற்றைப் பிறகு மாற்றலாம். ஃபுட்ரெஸ்ற் பூட்டியிருக்கிற இடத்தைச் சும்மா மாற்ற முடியாது, அது சேசியோடு வந்தது. வெட்டி ஒட்டித் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். ஒட்டு விட்டால் விழப்போவது அவ.

பழைய சின்ன பைக்குகளை வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். சிலவற்றில் பின் ஃபுட்ரெஸ்ற், சில்லோடு சேர்ந்து ஏறி இறங்குகிற கம்பியிலேயே பூட்டியிருக்கும். அப்படியென்றால் கால் வழி முழுக்க நடுங்கிக்கொண்டே வரும். ஹொண்டா எம்.டி. 90 ஓடினவர்களுக்கு நான் சொல்வது தெரியும். அது யப்பானில் தபால்காரருக்கென்று செய்த சைக்கிள், பின் கரியர் கடிதப் பெட்டிக்கு. நாங்கள் அதில் ஒரு குஷனைக் கட்டி, மனுசரை ஏற்றி, கிறவல் றோட்டில் மல்லாவியிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போனோம். போர்க்காலத்தில், பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் சின்னப் போத்தலில்தான், ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும். என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். பின்னால் இருப்பவர் புகையையும் குடித்துக்கொண்டு வருவார். அப்போது "கொம்போட்" என்று ஒருவரும் கேட்கவில்லை, அதற்காக இப்போது கேட்கிறவரைக் குறை சொல்ல ஏலாது. அந்தப் பயணங்களின் பலனை எத்தனை பேர் இப்போது இடுப்பில் பெல்ற் கட்டிக்கொண்டு அனுபவிக்கிறார்கள்!

சரி, இனி மாடல்கள். என் கைக்குள் வந்துபோனவற்றை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு பேரும் சேர்ந்து 130 கிலோவுக்குள் என்றால், ஒரே நீள சீற் உள்ள 150 சிசி பைக்தான் என் முதல் தெரிவு. பல்சர் 150 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஒரே சீற், மற்றது இரண்டு டிஸ்க் பிறேக்கோடு வருகிற, சீற் இரண்டாகப் பிரிந்த வகை. உங்களுக்கு ஒரே சீற் உள்ளது. பெயர் ஒன்று என்பதால் வித்தியாசம் தெரியாமல் இரண்டாவதை வாங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். 15 லீற்றர் ராங், 145 கிலோவுக்குக் கிட்டப் பாரம், பாகம் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். யமஹா எஃப்இசட் ஓடுகிறவருக்குச் சுகம், நகரத்துக்குள் அருமை, ஆனால் பின் சீற் கட்டை, பின்பக்கம் இறுக்கம். டிஸ்கவர், பிளாற்றினா போன்றவற்றை இளம்பொடியன்கள் "அப்பாவின் பைக்" என்று சிரிப்பார்கள். நீட்டான தட்டைச் சீற், தாழ்ந்த ஃபுட்ரெஸ்ற், மெதுவான ஷொக் என்று பின்னால் இருப்பவருக்கு வேண்டிய எல்லாம் அதில்தான் இருக்கிறது. குறை என்னவென்றால் இரண்டு பேரோடு பஸ்ஸை முந்தும்போது 100 சிசிக்கு மூச்சு வாங்கும். ஏ9 இல் முந்தத் தொடங்கி அரைவாசியில் நிற்பது விளையாட்டு இல்லை. 125 என்றால் சமாளிக்கலாம்.

அவெஞ்சர் 220 கட்டையானவர்களுக்கு வசதி, ஓடுகிறவரின் சீற் 737 மில்லிமீற்றர் உயரம்தான். கால் முன்னுக்கு நீட்டியிருப்பதால் உங்களுக்குச் சாய்வு நாற்காலிச் சுகம், ஆனால் உங்கள் பாரமும் இடுப்பில்தான் இறங்கும். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இடுப்பைப் பிடிப்பீர்கள்.

றோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 ஐப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். 349 சிசி, 195 கிலோ. 2021 இல் வந்த புது என்ஜினில் பழைய நடுக்கம் இல்லை, உள்ளே அதிர்வைச் சமன்செய்கிற தண்டு போட்டிருக்கிறார்கள். காபெற் றோட்டில் ஒரே சீராகப் போகும், பக்கக் காற்றுக்கும் அசையாது. காசு இருந்தால், இரண்டு காலும் நிலத்தில் நன்றாக ஊன்றினால் எடுக்கலாம். ஆனால் உங்கள் வீட்டு ஒழுங்கை மண்ணா காபெற்றா? மாரியில் சேற்றுக்குள் 195 கிலோவைப் பின்னுக்குத் தள்ளி எடுக்கிறவர் யார்? இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்தார்கள். 150 சிசி லீற்றருக்கு 45 ஓடினால் 180 கிலோமீற்றர், வவுனியா போய்வர 150. அந்த 4 லீற்றரில் 35 ஓடுகிற பைக் 140 இல் நின்றுவிடும். அந்தக் காலம் திரும்பி வராது என்று நீங்கள் நம்பினால் இந்தப் பந்தியை மறந்துவிடுங்கள்.

ஸ்கூட்டி? எங்கள் பெண்பிள்ளைகள் பாதிப்பேர் அதில்தான் வேலைக்குப் போகிறார்கள், ஊருக்குள் அதைவிடச் சுகமானது இல்லை. நீட்டுப் பயணத்துக்குச் சரிவராது. சின்னச் சில்லு பள்ளத்துக்குள் முழுதாக இறங்கி ஏறும், ஹொண்டா டியோ ஸ்கூட்டியின் ராங்கோ 5.3 லீற்றர். நெடுங்கேணிப் பக்கம் இரவில் பெற்றோல் தேடி நிற்க ஆசையென்றால் சரி.

கூட்டாளிமார் அனுப்புகிற படங்களில் கோல்ட் விங்கும் இருந்திருக்கும். ஹொண்டா 1975 இல் தொடங்கிய வண்டி, இப்போது ஆறு சிலிண்டர், 1833 சிசி. பின்னால் இருப்பவருக்கு முதுகுச் சாய்வு வேறு. ஒடுக்கமான வட்டுவாகல் பாலத்தில் எதிரே ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வந்தால் அந்த 350 கிலோவுக்கு மேற்பட்டதை யார் ஒதுக்குவது? ஆனால் அதிலிருந்து ஒரு யோசனையைக் களவெடுக்கலாம். பின்னால் இருப்பவருக்கு முதுகு சாய ஏதாவது வேண்டும். கரியரில் சின்னப் பெட்டி ஒன்றைப் பூட்டி, அதன் முன்முகத்தில் மூன்று அங்குல ஸ்பொஞ்சைத் தைத்துவிட்டால் அவ சாயலாம், பிறேக் விட்டு வேகமெடுக்கும்போது பின்னுக்குப் போய்விடுவோமோ என்ற பயமும் போய்விடும். பெட்டிக்குள் உடுப்பு மட்டும் வையுங்கள். மாமி தருகிற அரிசி மூட்டையை அங்கே ஏற்றினால் பாரம் பின் சில்லுக்கும் பின்னால் போய், முன் சில்லு இலேசாகி, கைபிடி ஆடத்தொடங்கும்.

சேலையோடு ஒருபக்கமாக இருந்து போவதைப் பற்றியும் சொல்லவேண்டும். கோயிலுக்குப் போகிற அம்மாமார் வேறு வழியில் ஏறமாட்டார்கள், அவர்களோடு வாதாடவும் ஏலாது. ஐந்து பத்து கிலோமீற்றருக்குப் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் இரண்டு பேருக்கும் கேடு. பாரம் முழுவதும் இடது பக்கம் சாய, நேரே போக நீங்கள் தெரியாமலே வலப்பக்கம் சாய்ந்துகொண்டு ஓடுகிறீர்கள், பின்னேரம் தோள் நோகிறது என்று சொல்லுவீர்கள். அவவின் இடுப்பு முறுகின நிலையிலேயே இருக்கும். மடுவுக்கோ வற்றாப்பளைக்கோ என்றால் சுரிதாரோடு இரண்டு பக்கமும் கால்போட்டுப் போய், சேலையைப் பெட்டிக்குள் வைத்து அங்கே மாற்றிக்கொள்ளலாம். கட்டாயம் சேலை என்றால் சேலைக் காவல் கம்பியைக் கழற்றிவிடாதீர்கள். பொடியன்கள் பைக்கை வாங்கியதும் முதல் வேலையாக அதைத்தான் கழற்றுகிறார்கள், வடிவில்லையாம். முந்தானை பின் சில்லுக்குள் போனதை நான் ஒருதரம் கண்ணால் கண்டிருக்கிறேன். துணியைக் கத்தியால் வெட்டித்தான் எடுத்தோம், அந்த அம்மாவின் கழுத்தில் கோடு மாறவே இல்லை.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனால் எங்கள் மண்ணில் பலருக்குத் தேவையானது: பொய்க்காலோடு பின்னால் ஏறுகிறவர்கள். என்னிடம் வருகிற ஒரு அண்ணைக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எல்லாரையும்போல இடது பக்கம் நின்று, வலது காலைத் தூக்கிப் போடப் போனால் முழுப் பாரமும் பொய்க்காலில் வந்துவிடும். அவர் வலது பக்கத்தால் ஏறுவார், நல்ல காலில் நின்று பொய்க்காலைச் சுற்றிப் போடுவார். அந்தப் பக்கம் சைலன்சர் இருப்பதால் சூட்டுத் தகடு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தேன். பொய்க்கால் ஃபுட்ரெஸ்ற்றிலிருந்து நழுவுவது அவருக்கே தெரியாது, உணர்வு இல்லைதானே. பழைய ரயரில் ஒரு துண்டை வெட்டி ஃபுட்ரெஸ்ற்றில் சுற்றிவிட்டோம், நழுவல் நின்றுவிட்டது. இப்படியானவரை ஏற்றுவதென்றால் தாழ்ந்த சீற்றும் உறுதியான பின் கைபிடியும் உள்ள பைக்கைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள்.

இனி, புது பைக்குக்குக் காசு சேரும்வரை உங்கள் இப்போதைய பைக்கிலேயே செய்யக்கூடியவை. பாதி வலி இதிலேயே போய்விடலாம்.

பின் ஷொக்கைக் குனிந்து பாருங்கள். ஸ்பிறிங்கின் அடியில் படிப்படியாக வெட்டின வளையம் இருக்கும், பெரும்பாலும் ஐந்து படி. பைக்கோடு வந்த சாமான்களுக்குள் கொக்கிபோல ஒரு சாவி கிடக்கும், பலர் அது எதற்கென்றே தெரியாமல் எறிந்துவிடுகிறார்கள். தனிய ஓடும்போது முதல் அல்லது இரண்டாம் படி, இரண்டு பேரென்றால் மூன்று அல்லது நான்கு. "ஏற்றினால் இறுகுமே, இன்னும் நோகுமே" என்பார்கள். கீழ்ப் படியில் இரண்டு பேர் ஏறினால் ஸ்பிறிங் ஏற்கனவே அமுங்கிப் போய்விடும், பள்ளம் வந்தால் அமுங்க மிச்சம் இல்லை, இரும்பும் இரும்பும் முட்டும். அவ "குத்துது" என்று சொல்வது அந்த முட்டலைத்தான். இரண்டு பக்கத்தையும் ஒரே படியில் வையுங்கள். எண்ணெய் கசிந்த ஷொக் என்றால் படி மாற்றிப் பயனில்லை, சோடியாக மாற்றவேண்டும்.

காற்று. பல்சர் 150 க்குப் பின் ரயரில் தனிய 28 பிஎஸ்ஐ, இரண்டு பேருக்கு 32. உங்கள் பைக்குக்குரியதைக் கையேட்டில் பாருங்கள். சிலர் சுகமாக இருக்குமென்று காற்றைக் குறைத்து ஓடுகிறார்கள். மெத்தென்று இருக்கும்தான், ரயர் சூடேறி, வளைவில் பின்பக்கம் நெளியும். அவ பின்னால் ஏறி இருக்கும்போதே செயின் தளர்வையும் பாருங்கள். ஏறினதும் விறைத்து நின்றால் தளர்த்தவேண்டும்.

முன் லைற்றையும் கவனியுங்கள். பின்னால் பாரம் ஏற, வெளிச்சம் மேலே போய்விடும். எதிரே வருகிறவர் உங்களைத் திட்டுவார், உங்களுக்கோ கிட்டத்து றோட்டு இருட்டு. கனகராயன்குளம் பக்கம் இரவில் மாடுகள் தாரின் சூட்டுக்குப் படுத்திருக்கும், அதிலும் கறுப்பு மாடு என்றால் கண் மினுங்கும்போதுதான் தெரியும். யானைக்கும் சேர்த்துச் சொல்கிறேன், பொழுதுபட்டால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

சீற்றின் ஸ்பொஞ்சை மாற்றுவதென்றால் கவனம். கடையில் கையால் அமுக்கிப் பார்க்க மெத்தென்று இருப்பது மாங்குளத்தில் பலகையாகிவிடும். மென்மையான ஸ்பொஞ்ச் இருபது நிமிடத்தில் அடியோடு அமுங்கி, தகட்டில் இருப்பதுபோல ஆகும். அடியில் இறுக்கமானது, மேலே ஒரு அங்குலம் மென்மையானது என்று இரண்டு படையாகப் போடச் சொல்லுங்கள். எனக்கு ஒருவர் மேலே அள்ளிப்போட்டு உயர்த்தித் தந்தார். என்னுடைய மனுசி ஏறினதும் ஃபுட்ரெஸ்ற்றுக்குக் கால் எட்டவில்லை. திருவிழாவில் ஒட்டகத்தில் ஏறினது மாதிரி இருந்தா.

கடைசியாக, ஓட்டுகிறவர். அவவின் ஹெல்மெற் உங்கள் ஹெல்மெற்றில் அடிக்கடி முட்டுகிறதா? பைக்கில் பிழை இல்லை, உங்கள் பிறேக்கிலும் கிளச்சிலும்தான் பிழை. இரண்டு பேர் ஓடும்போது பின் பிறேக்கை முதலில் மெல்லத் தொட்டு, பிறகு முன்னதைச் சேருங்கள். நகருக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு 70 கிலோமீற்றர்தான் சட்டம், 150 சிசியில் 60, 65 இல் நடுக்கமும் குறைவு. சோளகக் காற்றுக் காலத்தில், யாழ்ப்பாணம் போகிற வழியில் ஆனையிறவில் மேற்கிலிருந்து வருகிற காற்று இரண்டு பேரையும் பாய்மரம்போலத் தள்ளும். அங்கே 50 க்கு இறக்கி, அவவை உங்களோடு ஒட்டி இருக்கச் சொல்லுங்கள். அறுவடைக் காலத்தில் றோட்டோரம் நெல் காயப் போட்டிருப்பார்கள். நெல்மணியில் பிறேக் பிடிப்பது எண்ணெயில் பிடிப்பதுபோல.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். விற்கிறவரிடம் ஒரு மணித்தியாலம் கேட்டு, விடிய ஐந்தரைக்குக் கரடிப்போக்கில் அவவை ஏற்றிக்கொண்டு முறிகண்டி மட்டும் போங்கள். பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பி வாருங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "பரவாயில்லை" என்றுதான் சொல்லுவா. இறங்கினதும் அவவின் கை முதலில் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். இடுப்பைப் பிடித்தால் ஷொக் அல்லது சீற். முழங்காலைத் தடவினால் ஃபுட்ரெஸ்ற், அந்த பைக் வேண்டாம். மணிக்கட்டை உதறினால் சீற் சரிவு, வழி முழுக்க ஊன்றிப் பிடித்திருக்கிறா. நேரே கச்சான் சரைக்குக் கை போனால் காசைக் கட்டிவிடுங்கள்.